நவம் அண்ணையின் வரிக்காசும் என் வீட்டு விலாசமும்

உத்தியோகத்தை விட்டுச் சொந்தத் தொழிலுக்குப் போகிற ஒருவர், கூடுதலாகப் பிடிபட்ட வரியைத் திருப்பிக் கேட்பதற்கு முதலில் செய்ய வேண்டியது என்ன?

சென்ற மாதம் ஷாமினி என்னைத் தொலைபேசியில் அழைத்து இதைக் கேட்டாள். கொட்டாஞ்சேனையில் உள்ள ஒரு சிறிய கணக்காய்வுக் கந்தோரில், நான் ஒன்பது வருடம் இருந்த நாற்காலியில் இப்போது இருப்பவள் அவள். "அக்கா, நீங்கள் ரிட்டயர் பண்ணின ஆள். உங்களுக்குத் தெரியாததோ, சொல்லுங்கோ" என்றாள். எனக்கு வயது முப்பத்திரண்டு. பிரியாவிடையில் சுவர்க் கடிகாரம் தந்தார்கள் என்பது உண்மைதான். அதில் நேரம் பார்த்துத்தான் மகளுக்கு இருமல் மருந்து கொடுக்கிறேன். ரிட்டயர் என்ற சொல்லுக்கு அதைத் தவிர என்னிடம் வேறு தகுதி இல்லை.

"பழைய முதலாளியிட்ட வரி பிடிச்ச சான்றிதழை வாங்கு" என்று சொல்லியிருக்கலாம். எந்தப் பயிலுநரும் சொல்லக்கூடிய பதில். நானோ, "பிறகு சொல்லுறன், பிள்ளை அழுகுது" என்று சொல்லி வைத்துவிட்டேன். பிள்ளை நித்திரை. அவளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ஏன் சொல்ல முடியவில்லை என்பதைத்தான் எழுதுகிறேன்.

கந்தோரில் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. முதல் வருடம் காகிதங்களுக்குக் குண்டூசி குத்தினேன். இரண்டாம் வருடம் எண்களைக் கூட்டினேன். மூன்றாம் வருடம் கூட்டியது சரிதானா என்று மற்றவர்கள் என்னிடம் கேட்கத் தொடங்கினார்கள். நான் இன்னும் இரண்டு தரம் கூட்டிப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னேன். என் தொழில் வளர்ச்சி அவ்வளவுதான். என்னுடைய சம்பளமோ வரி பிடிக்கும் உயரத்தை ஒருநாளும் எட்டவில்லை. ஆகவே கலியாண வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுப் பசியோடு பஸ் ஏறுகிறவளைப் போல, ஒன்பது வருடமும் மற்றவர்களுடைய வரியையே திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முதலாளி கொரேரா சேர். கொட்டாஞ்சேனையில் பிறந்து, அங்கேயே ஞானஸ்நானம் பெற்று, அங்கேயே கந்தோர் திறந்தவர். மெலிந்த மனிதர். சத்தமாகப் பேசமாட்டார். ஸ்டேப்ளர் என்றால் அவருக்கு ஆகாது. "குண்டூசின்னா கழட்டலாம் மிஸ். பிழை விட்டா திருத்தணுமே" என்பார். வாடிக்கையாளர்களுக்கு முன்னால் 'ரிஃபண்ட்' என்ற சொல்லை எவரும் உச்சரிக்கக் கூடாது என்பதும் அவருடைய சட்டம். "அது அவங்க காசுதான். ஆனா கைக்கு வர்றதுக்கு முந்தி அப்படிச் சொன்னா, வர்றதுக்கு முந்தியே செலவழிச்சிருவாங்க."

வரிக் கந்தோருக்குப் போகும் ஒவ்வொரு கோப்பையும் அவர் ஒரு நாடகமாக நடத்திப் பார்ப்பார். தன் நாற்காலியை விட்டு எழுந்து, யன்னலோரத்துப் பழைய நாற்காலியில் போய் அமர்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒரு கொட்டாவி விடுவார்.

"இப்ப நான் கொரேரா இல்ல மிஸ். வரிக் கந்தோர்ல இருக்கிற மனுசன். காலைல இருந்து ஃபைல் பாத்து தலை இடிக்குது. ஏன் இந்த ஆளுக்குக் காசு குடுக்கணும்?"

"சேர், அவர் செப்டெம்பர் முடிவில வேலைய விட்டவர்."

"அதுக்கு?"

"வரி வருசம் ஏப்ரலில துவங்குது. பன்னிரண்டு மாசமும் சம்பளம் வரும் எண்டு நினைச்சுத்தான் மாசா மாசம் வரி பிடிச்சவை. ஆறு மாசந்தான் சம்பளம் வந்தது. அப்ப பிடிச்சது கூட."

"மிச்ச ஆறு மாசம் அவர் பட்டினி கெடந்தாரா?"

"இல்லை சேர், சொந்தமாக் கடை…"

"ஆ! அதுல வந்தது எங்க? அத ஏன் கடைசிப் பக்கத்துல ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

இந்த வேலையின் நுட்பம் முழுவதும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. வேலையை விட்டவர்கள் இழந்த சம்பளத்தைப் பெரிதாகச் சொல்வார்கள். புதிய தொழிலின் வருமானத்தைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். கொரேரா சேர் இரண்டையும் ஒரே தாளில், ஒன்றின் கீழ் ஒன்றாக எழுத வைப்பார். பிறகு நான் ஒரு முழு வசனத்தில் காரணம் சொல்ல வேண்டும். இரண்டு வசனம் எடுத்தால், "இந்த மனுசனுக்கும் வீட்டுக்குப் போகணும் மிஸ்" என்று சொல்லிக் கோப்பைத் திருப்பித் தருவார்.

கடிதத் தாளின் மேல்மூலையில் பதில் அனுப்ப வேண்டிய விலாசத்தைத் தட்டச்சு செய்வோம். எல்லா வாடிக்கையாளருக்கும் கந்தோர் விலாசம்தான். அது ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. என் விரல்கள் தாமாகவே அடித்துவிடும். இவ்வளவு சந்தேகம் பிடித்த நான் ஒன்பது வருடத்தில் கேட்காமல் விட்ட ஒரே கேள்வி அது.

மகள் பிறந்து ஆறாம் மாதம். யுத்த காலம். ஒரு பிற்பகல் பாதுகாப்புக்கென்று நகரத்தில் வீதிகளை அடைத்துவிட்டார்கள். கொட்டாஞ்சேனையில் இருந்து வெள்ளவத்தைக்குப் பஸ் இல்லை. ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் பையைத் திறந்து காட்டிக் காட்டி நடந்து, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தபோது என் சட்டை பாலில் நனைந்து காய்ந்திருந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொண்டது பக்கத்து வீட்டு அன்ரி. பிள்ளையை என் கையில் தந்துவிட்டு அழுதார். அடுத்த வாரமே விலகல் கடிதம் கொடுத்தேன். அந்தக் கடிதத்தை நான்கு தரம் எழுதினேன். ஐந்தாவதாக எழுதியது, விலகல் கடிதத்தைத் திருப்பித் தரும்படி கேட்கும் கடிதம். அதைக் கொடுக்கவில்லை.

கடைசி நாளில் கொரேரா சேர் என் கந்தோர் அடையாள அட்டையை வாங்கிக் கத்தரியால் வெட்டினார். "சட்டம் மிஸ், கோவிச்சுக்காதீங்க" என்றார். அந்தப் பிளாஸ்டிக் துண்டின் பெறுமதி அடுத்த நாள் விளங்கியது. பால்மா வாங்கப் போன வழியில், காலி வீதிச் சாவடியில் ஒரு ராணுவப் பையன் என் தேசிய அடையாள அட்டையைப் பார்த்தான். பிறந்த இடம் யாழ்ப்பாணம். "வெட கரன்னே கொஹெத?" என்றான். எங்கே வேலை செய்கிறாய் என்பதற்கு ஒன்பது வருடமாக என் கை பதில் சொல்லி வந்தது. அன்று கை பையைத் துழாவிவிட்டு வெறுமையாக வந்தது. மகள் அவனுடைய தொப்பியைப் பார்த்துச் சிரித்தாள். போகச் சொன்னான். அதன் பிறகு என் அடையாள அட்டை அவள்தான். இடுப்பில் வைத்துக் காட்டலாம், காலாவதியும் ஆகாது. ஆனால் தனியாகப் போகிற ஓர் ஆண் எதைக் காட்டுவான்?

வீட்டில் இருந்தபடியே நாலைந்து பேருக்குக் கணக்கு எழுதத் தொடங்கினேன். பக்கத்து லேனில் இருந்து ஒரு ரியூஷன் மாஸ்டர், ஒரு தையற்காரி, பிறகு நவம் அண்ணை.

நவம் அண்ணை எங்கள் குளிர்சாதனப் பெட்டியைத் திருத்த வந்தவர். நாற்பது வயது. மனைவியும் பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தில்; ராணுவம் பாதையைத் திறந்தால் வருவார்கள், பூட்டினால் கடிதம் வரும். இரத்மலானையில் ஒரு கம்பனியில் பன்னிரண்டு வருடம் வேலை செய்து, செப்டெம்பரில் விலகி, கொட்டாஞ்சேனையில் ஓர் ஒற்றைக் கதவுக் கடையை வாடகைக்கு எடுத்திருந்தார். இருப்பதோ வெள்ளவத்தையில் வாடகை அறை. லொட்ஜ்காரர் நினைத்த நேரம் அறையை மாற்றுவார், அல்லது ஆளையே மாற்றுவார்.

பெட்டியின் முதுகைத் திறந்துவைத்துக்கொண்டு அவர் கதைத்தார். நான் மேசையில் தையற்காரியின் கணக்கைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

"உங்கட பழைய கந்தோரில எல்லாரும் சொன்னவை, தங்கச்சி கணக்கில புலியாம்."

"ஐயோ அண்ணை, மெல்லக் கதையுங்கோ! கதவு திறந்து கிடக்கு."

"சரி சரி. தங்கச்சி கணக்கில பூனை. காணுமே?"

அவருக்கும் வரி மீள வர வேண்டியிருந்தது. ஆனால் காசைப் பற்றி அவர் பெரிதாகக் கேட்கவில்லை.

"காசு வந்தால் வரட்டும். எனக்கு அந்தக் கடிதந்தான் வேணும்."

"என்ன கடிதம்?"

"கம்பனிக் காட் இருக்கும்வரைக்கும் சாவடியில அதை நீட்டுவன், 'யன்ன' எண்டு விடுவான். இப்ப என்ன தொழில் எண்டு கேட்டால் சொந்தத் தொழில் எண்டுறன். 'அதுக்கு என்ன அத்தாட்சி' எண்டுறான். ஸ்குரூட்ரைவரைக் காட்டினன், அதைப் பறிச்சுப்போட்டான். கடையைப் பதிவு செய்வம் எண்டால் கடைச் சொந்தக்காரன் கையெழுத்து வைக்கிறான் இல்லை. அரசாங்கக் காகிதத்தில, இந்த ஆள் இன்ன பேர், இன்ன தொழில் எண்டு ஒரு வரி இருந்தால் எனக்குக் காணும். வரிக் கந்தோரே சொன்னால் ஆர் மறுக்கிறது?"

நான் அதுவரை எத்தனையோ பேருடைய வரியைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன். கடிதத்துக்காகக் கேட்ட முதல் ஆள் அவர்.

முறைப்படி எல்லாம் செய்தேன். பழைய கம்பனியின் சான்றிதழுக்காக அவரை இரண்டு தரம் இரத்மலானைக்கு அனுப்பினேன். ஆறு மாதச் சம்பளத்தையும் ஆறு மாதக் கடை வருமானத்தையும் ஒரே தாளில் எழுதினேன். மகளை யன்னலோரத்தில் இருத்தி, "இப்ப நீங்கதான் வரிக் கந்தோர்" என்று சொல்லி, ஒரே வசனத்தில் காரணத்தை வாசித்தேன். அவள் கொட்டாவி விட்டாள். குண்டூசி குத்தினேன். மேல்மூலையில் பதில் விலாசம் அடிக்க வந்தபோது விரல்கள் நின்றன. கந்தோர் இல்லை. அவருடைய அறை நிலையில்லை. ஒரு நிமிடந்தான் யோசித்தேன், என் வீட்டு விலாசத்தை அடித்தேன். என் வாழ்க்கையில் ஒரே ஒரு நிமிடம் மட்டும் யோசித்துச் செய்த காரியங்கள் இரண்டோ மூன்றோதான். எல்லாவற்றையும் பற்றி இப்போதும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வரிக் கந்தோர்க் கருமபீடத்தில் முத்திரை குத்தித் தந்த பிரதியை அவர் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பதில் வரும்வரை சாவடிகளில் அதை நீட்டினார். பாதி இடங்களில் வேலை செய்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் கேற்றடியில் வந்து நின்று, "தங்கச்சி, ஏதும் வந்ததோ?" என்று கேட்பார். அப்படியே மாதங்கள் ஓடின.

இந்த நாட்களில் எங்களைப் போன்ற ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் ஒரு பட்டியல் இருக்கும் என்பது வாசகர்களுக்குத் தெரியும். வீட்டில் வசிப்பவர்களின் பெயர்களைப் பொலிஸ் நிலையத்தில் பதிந்து, பிரதியை வைத்திருக்க வேண்டும். எங்கள் பட்டியலில் மூன்று பெயர்கள்: கணவர், நான், மகள். ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை லேன் முழுவதையும் சுற்றிவளைத்துத் தேடினார்கள். இரண்டு வீடு தள்ளி, பட்டியலில் இல்லாத ஒரு மைத்துனர் இருந்தார்; அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கள் வீட்டில் ஒரு சார்ஜன்ட் பட்டியலைப் பார்த்துவிட்டு, வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். "அபி துன்தெனாய்" என்றேன். நாங்கள் மூவர்தான். அவர் கட்டிலுக்குக் கீழேயும் பார்த்தார். பிறகு, ஏனோ, குளிர்சாதனப் பெட்டியையும் திறந்து பார்த்தார்.

வியாழக்கிழமை காலை பத்து மணி. கணவர் வேலைக்குப் போய்விட்டார். மகளுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தேன். கேற்றடியில் மணிச் சத்தம். எட்டிப் பார்த்தால் முன்பின் தெரியாத ஒருவர், காக்கிச் சட்டை, கையில் ஒரு கொப்பி. "நவரத்னம் மஹத்தயா இன்னவாத?" என்றார்.

நவரத்தினம் ஐயா இருக்கிறாரா? எனக்குத் தெரிந்ததெல்லாம் மூன்று பெயர். காக்கிச் சட்டை, கொப்பி, நாலாவது பெயர். யோசிக்கவேயில்லை. எவர் வந்து எந்த ஆணின் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் எங்கள் வாயில் முதலில் வருகிற பதில் ஒன்றுதான்; அது எங்களுக்கு மூச்சு மாதிரி. அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்றேன். இவ்வளவு சுத்தமான சிங்களத்தை நான் அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை.

அவர் தலையாட்டினார். காதில் செருகியிருந்த நீலப் பென்சிலை எடுத்து ஒரு நீண்ட பழுப்புக் கடித உறையில் எதையோ எழுதினார். கொப்பிக்குள் அதை வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார். சைக்கிளைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. தபால்காரர். புதியவர். நவம் அண்ணையின் வரிக் கடிதம், பதிவுத் தபாலில். கையெழுத்து வாங்குகிற கொப்பி.

சோற்றுக் கையோடு, பிள்ளை இடுப்பில், வெறுங்காலோடு லேனில் ஓடினேன். லேன் முனையில் காவலரண். உள்ளே இருந்த ராணுவத்தான் துவக்கைத் தூக்காமல் தலையை மட்டும் நிமிர்த்தினான். இரண்டு நாளுக்கு முன்னர் நாங்கள் மூவர்தான் என்று சொன்னவள், இப்போது 'அந்த ஆள் இங்கேதான், இங்கேதான்' என்று கத்திக்கொண்டு ஓடினால் எப்படி இருக்கும்? நின்றேன். மகள் என் விரலில் இருந்த சோற்றைச் சாப்பிட்டாள். திரும்பி நடந்தேன்.

எத்தனையோ மாதம் காத்திருந்த வரி மீளளிப்புக் கடிதத்தை, அதையே தொழிலாகச் செய்கிற நான், இரண்டு மூச்சில் திருப்பி அனுப்பிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை நவம் அண்ணை கேற்றடியில்.

"தங்கச்சி, ஏதும் வந்ததோ?"

"இல்லை அண்ணை."

கணக்குப்படி அது பொய் அல்ல. என் கைக்கு எதுவும் வரவில்லை. இப்படித்தான் கணக்குப் பார்த்தேன். திங்கட்கிழமை வரிக் கந்தோருக்குப் போய்க் கேட்டு எடுத்துவிடலாம், அதன் பிறகு அவரிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். திங்கள் மகளுக்குக் காய்ச்சல். செவ்வாயும் காய்ச்சல். புதன் பிற்பகல் கேற்றடியில் உண்மையான பொலிஸார் இருவர் நின்றார்கள்.

முதல் நாள் கொட்டாஞ்சேனைச் சந்தியில் நவம் அண்ணையைப் பிடித்திருந்தார்கள். அவர் முத்திரை குத்திய பிரதியைக் காட்டியிருக்கிறார். அதில் என் வீட்டு விலாசம். அதைச் சரிபார்க்கத்தான் வந்தார்கள். மூத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். நாங்கள் பேசியது சிங்களத்தில், தமிழில் எழுதுகிறேன்.

"இந்த ஆள் இங்கே இருக்கிறாரா?"

"இல்லை ஐயா. வாடிக்கையாளர். அவருடைய வரிக் கடிதங்கள் மட்டும் என் விலாசத்துக்கு வரும்."

"நல்லது. வந்த ஒரு கடிதத்தைக் காட்டுங்கள். போதும்."

நான் மேசை லாச்சியைத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன். அதில் இல்லாதது எனக்குத் தெரியும். இருந்தும் மூன்றாவது லாச்சி வரைக்கும் தேடினேன்.

"ஒன்றும் வரவில்லை" என்றேன்.

அவர் பிரதியைப் பார்த்தார். அதில் இருந்த முத்திரையின் திகதியைப் பார்த்தார். "இவ்வளவு மாதத்தில் ஒன்றும் வரவில்லை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுதிக்கொண்டார். பொய் விலாசம் கொடுத்த ஓர் ஆளாக நவம் அண்ணையை நானே ஆக்கிவிட்டது அவருடைய பேனை நகர்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் காலத்தில் பொய் விலாசம் என்றால் ஓரிரவோடு முடிகிற விசயம் அல்ல.

விலகிய பிறகு முதல் தடவையாக அடுத்த நாள் காலை கந்தோருக்குப் போனேன், மகளோடு. கொரேரா சேர் முழுவதையும் கேட்டார். ஒரு குண்டூசியை எடுத்து மேசையில் உருட்டினார். எழுந்து போய் யன்னலோர நாற்காலியில் இருந்தார். கொட்டாவி விடவில்லை.

"இப்ப நான் பொலிஸ். ஏன் இந்த ஆள விடணும்?"

"சேர், அவர் நல்ல மனுசன், பன்னிரண்டு வருசம் ஒரே கம்பனியில…"

"நல்ல மனுசன்னு எல்லாரையும் சொல்றாங்க. ஒரு வசனத்துல சொல்லுங்க."

"வரிக் கந்தோர் அவருக்குக் கடிதம் அனுப்பினது…"

"அப்ப எங்க அது?"

ஷாமினி மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர் குடுத்த விலாசம் சரி சேர், வந்த கடிதத்தை, அப்படி ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லி, நான்தான் திருப்பி அனுப்பினனான்."

"ஒரு வசனம். நல்லது. வாங்க போவோம்."

வரிக் கந்தோரில் ஓர் அம்மா கோப்பைத் தேடி எடுத்தார். பழுப்பு உறை உள்ளேயே குத்தியிருந்தது, திறக்காமல். மேலே நீலப் பென்சிலில் சிங்களத்தில் ஒரு வரி: இப்பெயரில் இவ்விலாசத்தில் எவரும் இல்லை. கொரேரா சேர் கடிதத்துக்கு மட்டுமல்லாமல் உறைக்கும் பிரதி கேட்டார். அந்த அம்மா சந்தேகமாகப் பார்த்தார், சேர் காரணத்தை ஒரு வசனத்தில் சொன்னார், தந்தார். கடிதத்தில் நவம் அண்ணையின் முழுப் பெயர் இருந்தது. தொழில்: சுயதொழில், குளிர்சாதனப் பெட்டி திருத்துதல். பதில் விலாசத்தைக் கொரேரா சேர் தன் கந்தோருக்கு மாற்றி எழுதிக் கொடுத்தார். காசோலை பிறகு அங்கேதான் வந்தது.

பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரி கடிதத்தை வாசித்தார். உறையைப் பார்த்தார். "இதில் இவர் அங்கே இல்லை என்று இருக்கிறதே" என்றார்.

"ஐயா, அவர் சொன்னது உண்மை. பொய் சொன்னது நான்."

"ஏன்?"

"எங்கள் பட்டியலில் மூன்று பெயர்தான். நாலாவது பெயருக்குக் கடிதம் வாங்கினால்…"

அவர் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கொரேரா சேரைப் பார்த்தார். "அம்மா, அந்தப் பட்டியல் வீட்டில் நித்திரை கொள்பவர்களுக்கு. கடிதங்களுக்கு அல்ல" என்றார்.

ஒன்பது வருடம் சட்டம் வாசித்து வேலை செய்தவளுக்கு அதை அவர்தான் சொல்லித்தர வேண்டியிருந்தது. சுற்றியிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அன்றைக்கு அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்திருப்பேன், நவம் அண்ணை இன்னும் உள்ளே இல்லாமல் இருந்தால்.

பிற்பகல் நாலு மணிக்கு நவம் அண்ணையை விட்டார்கள். தாடி முளைத்திருந்தது. கடிதத்தின் பிரதியை நின்றபடியே வாசித்தார். தொழில் என்ற வரியில் விரலை வைத்து இன்னொரு தரம் வாசித்தார். "திருத்துதல் எண்டு வடிவாப் போட்டிருக்கிறான்" என்றார். பிறகு உறையின் பிரதியைப் பார்த்தார். முகம் மாறியது.

"பாத்தியளே தங்கச்சி, உந்தத் தபால்காரன்ர வேலையை! கேற்றடிக்கே வராமல் ஆளில்லை எண்டு எழுதிப்போட்டுப் போயிருக்கிறான். அவனால ரெண்டு நாள் உள்ள கிடந்தன்."

கொரேரா சேர் என்னைப் பார்த்தார். நான் மகளை ஓர் இடுப்பில் இருந்து மறு இடுப்புக்கு மாற்றினேன். அதற்கு எடுத்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். பொறுப்பதிகாரியிடம் வந்த அந்த ஒரு வசனம் அவரிடம் வரவில்லை. நவம் அண்ணை என் கையைப் பிடித்து, "நீ இல்லாட்டி நான் இல்லை" என்றார். அப்போது சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது.

திரும்பும் வழியில், "சேர், நீங்கள் ஏன் ஒண்டும் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"அது உங்க ஃபைல், மிஸ்."

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன். இரண்டு வாரம் கழித்து நவம் அண்ணை கேக் கொண்டு வந்தார். தபால்காரர் மேல் முறைப்பாடு எழுத வேண்டும் என்றார். "என்னை விடு தங்கச்சி. நாளைக்கு இன்னொருத்தன் இப்படி உள்ள போகக் கூடாது. நீ வடிவா அடிச்சுத் தா. நீதான் சாட்சியும், உன்ர வீடுதானே." நியாயமான பேச்சு. நான் அடித்தேன். நல்ல கடிதம், ஒரே வசனத்தில் காரணம், இணைப்புகள் இரண்டு, குண்டூசி. சாட்சி கையெழுத்திடும் இடம் வெறுமையாக இருக்கிறது. லாச்சியில் கிடக்கிறது.

அந்தத் தபால்காரர் இப்போது எங்களுக்குப் பழக்கம். மகளுக்கு மணி அடித்துக் காட்டுகிறார். ஒருநாள், நிரந்தர வேலையா என்று கேட்டேன். இல்லையாம், தற்காலிகம். இந்த வருட முடிவில் நிரந்தரமாக்குவார்களாம், முறைப்பாடு எதுவும் இல்லாவிட்டால். அவர் செய்ததெல்லாம் நான் சொன்னதை எழுதியது.

நவம் அண்ணை ஒவ்வொரு முறை கேட்கும்போதும், "ஒரு வசனம் இன்னும் சரியில்லை அண்ணை" என்கிறேன். அது உண்மை. ஆனால் அவர் பொறுமை இழந்துவிட்டார். காலி வீதியில் தட்டச்சு செய்கிற ஒருவரிடம் கொடுக்கப் போவதாகச் சொல்கிறார். உண்மையைச் சொன்னால், அவர் சொல்லி வந்த வாடிக்கையாளர்கள் நாலு பேரும் போய்விடுவார்கள். "அவவின்ர விலாசத்தைக் குடுத்தால் பயமில்லை" என்றுதான் அவர்களை அனுப்பியிருந்தார். என் சொந்தத் தொழிலில் அவர்கள் பாதிக்கு மேல். அதைவிட, அந்த மனிதர் என் கையைப் பிடித்தது. கணவர், "பேசாமல் இரு, எல்லாம் தானா அடங்கும்" என்கிறார். அவர் எதற்கும் அப்படித்தான் சொல்வார். குளிர்சாதனப் பெட்டி பழுதானபோதும் அதைத்தான் சொன்னார்.

எல்லோருடைய பெயரையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். ஆனாலும் நவம் அண்ணை இதை வாசித்தால் ஆள் யார் என்று உடனே தெரிந்துவிடும். அது தெரிந்தும் ஏன் பத்திரிகைக்கு அனுப்புகிறேன் என்று நேற்று முழுவதும் யோசித்தேன். நேரே சொல்லத் துணிவில்லாதவள், அவராகவே வாசித்து அறியட்டும் என்று தபாலில் அனுப்புகிறேனோ? அப்படியானால் அதுவும் ஒரு கோழைத்தனம்தான். ஷாமினிக்கும் அதனால்தான் இன்னும் பதில் இல்லை: பதில் வரும் விலாசத்தை முதலில் சரிபார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே இதை வாசிக்கும் உங்களிடம் கேட்கிறேன். இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை அவர் வருகிறார், கடிதத்தைக் கையோடு வாங்கிக்கொண்டு போக. அதற்கு முன்னர் தயவு செய்து எழுதுங்கள்: அவரிடம் எப்படித் தொடங்குவது? "அண்ணை, இருங்கோ" என்பதுவரை எழுதி வைத்திருக்கிறேன். அதற்கு அடுத்த வசனம் எனக்கு வேண்டும். பதிலைப் பத்திரிகை விலாசத்துக்கே அனுப்புங்கள். என் வீட்டுக்கு எழுதினால் அந்தத் தபால்காரர்தான் கொண்டுவந்து தருவார். இப்போதைக்கு அவர் முகத்தைப் பார்த்துக் கையெழுத்து வைக்க என்னால் முடியாது.